சொன்னவனா, கேட்டவனா?

பொய் சொல்லி ஒரு கொலைக்குக் காரணமானவன் ஒருத்தன். அந்தப் பொய்யை நம்பிக் கொலை செய்தவன் இன்னொருத்தன். இரண்டு பேரில் யார் பெரிய குற்றவாளி?

வக்கீலைக் கேட்டால் பிரிவு எண் சொல்வார். நான் கேட்பது சட்டத்தை அல்ல, மனசாட்சியை.

மதுரையிலிருந்து திருச்சி போகிற சாலையில், மேலூரைத் தாண்டினால் கொட்டாம்பட்டி. அந்தச் சுற்றுவட்டாரத்தில் கோயில் திருவிழா என்றால் நாடகம் உண்டு. ஸ்பெஷல் நாடகம். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூன் வேறோர் ஊரிலிருந்து. ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. மேடையில்தான் சந்திப்பு. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆர்மோனியம் ஆரம்பித்தால் விடியும்வரை ஓடும். பெரும்பாலும் வள்ளி திருமணம். சில ஊர்களில் அரிச்சந்திர மயான காண்டம், பவளக்கொடி, கோவலன். கோவலன் நாடகம் முடிந்த விடிகாலையில், டீக்கடைப் பெஞ்சில் இப்படி ஒரு பேச்சு கிளம்பாமல் இருக்காது:

"அந்தப் பத்தரு மட்டும் பொய் சொல்லாட்டி இம்புட்டும் நடந்திருக்குமா மாமா?"

"அவன் சொன்னா? ராசா விசாரிக்க வேணாமா மாப்ள?"

"ராசா நல்லவருதான். ஏமாந்துட்டாரு, பாவம்."

"ஏமாறலாம்யா. அதுக்காக அடுத்தவன் தலைய எடுக்கலாமா?"

கிண்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதே சண்டையை இங்கிலாந்தில் பெரிய பெரிய பேராசிரியர்கள் நூறு வருஷத்துக்கு மேல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அங்கே சிலம்புக்குப் பதில் ஒரு கைக்குட்டை. அவ்வளவுதான் வித்தியாசம்.

* * *

ஏ.சி.பிராட்லி (1851-1935). ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படித்தவர்களுக்கு இவர் ஒரு பெரியப்பா மாதிரி. பிடிக்கிறதோ இல்லையோ, கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயரைப் போட்டுத்தான் ஆக வேண்டும். லிவர்பூல், கிளாஸ்கோ, ஆக்ஸ்ஃபோர்டு என்று பாடம் சொன்னவர். 1904-ல் ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களைப் பற்றித் தன் சொற்பொழிவுகளைப் புத்தகமாகப் போட்டார். ஹாம்லெட், ஒதெல்லோ, லியர் அரசன், மாக்பெத். நான்கே நாடகங்கள். அந்தப் புத்தகம் இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது.

அவர் புகழ் எந்த அளவுக்குப் போனது என்பதற்கு 1920-களில் வந்த ஒரு வேடிக்கைக் கவிதை சாட்சி. ஷேக்ஸ்பியரின் ஆவி அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுத வருகிறது. கேள்வித்தாளில் லியர் அரசனைப் பற்றிக் கேள்விகள். ஷேக்ஸ்பியர் மோசமாக எழுதுகிறார். காரணம், அவர் பிராட்லியைப் படிக்கவில்லை!

பிராட்லியின் முறை எளிமையானது. நாடகப் பாத்திரங்களைப் பக்கத்து வீட்டு மனிதர்கள் மாதிரி பார்ப்பது. இவர் ஏன் இப்படிச் செய்தார்? இதற்கு முன்னால் எப்படி இருந்தார்? மனசுக்குள் என்ன ஓடியிருக்கும்? அப்பா செத்தபோது ஹாம்லெட் எங்கே இருந்தான் என்று ஒரு குறிப்பு எழுதினார். மாக்பெத் சீமாட்டி மயங்கி விழுந்தது நிஜமா, நடிப்பா என்று இன்னொரு குறிப்பு. சீரியல் பார்க்கிற நம் வீட்டுப் பெண்கள் கேட்கிற அதே கேள்விகளை ஆக்ஸ்ஃபோர்டு மொழியில் கேட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அவர் சொன்ன முக்கியமான விஷயம் வேறு. ஷேக்ஸ்பியரின் துன்பியலில் அழிவு வானத்திலிருந்து விழுவதில்லை. அது மனிதன் செய்கிற செயலிலிருந்து வருகிறது. செயல் அவன் குணத்திலிருந்து வருகிறது. அந்தக் குணம் பல நேரம் கெட்ட குணமே இல்லை. எது அவனைப் பெரிய மனிதனாக்கியதோ, அதே குணம்தான் அவனைக் கவிழ்க்கிறது.

நம் ஊரில் இதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு தெருவிலும் ஒரு பெரிய மனிதர் இருப்பார். கேட்டவர்களுக்கெல்லாம் பாங்க் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டே வீட்டை இழந்தவர். ஊர் அவரை மதித்தது அந்தக் கைக்காக. அவர் தெருவுக்கு வந்ததும் அந்தக் கையால். இப்போது அவர் குணத்தை நல்லதென்பீர்களா, கெட்டதென்பீர்களா?

* * *

ஒதெல்லோ கதையை ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். சிவாஜி ரசிகர்களுக்கு இது தெரிந்த பெயர். 'இரத்தத் திலகம்' (1963) படத்தில் நாடகத்துக்குள் நாடகமாக அவர் ஒதெல்லோ வேஷம் கட்டியிருக்கிறார்.

வெனிஸ் நகரத்துப் படைத்தளபதி ஒதெல்லோ. மூர் இனத்தவன், கறுப்பன், வெளியூர்க்காரன், மகா வீரன். டெஸ்டிமோனா என்கிற பெரிய இடத்துப் பெண் அவனைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொள்கிறாள். அவனுக்குக் கீழே இயாகோ என்று ஓர் அதிகாரி. தனக்கு வர வேண்டிய பதவி காசியோவுக்குப் போய்விட்டது என்ற புகைச்சல் அவனுக்கு. உன் மனைவிக்கும் காசியோவுக்கும் தொடர்பு என்று சொட்டுச் சொட்டாக விஷம் ஊற்றுகிறான். அத்தாட்சி வேண்டும் என்கிறான் ஒதெல்லோ. அவன் மனைவிக்கு முதன்முதலாகக் கொடுத்த கைக்குட்டை இயாகோவின் கைக்கு வந்து, அங்கிருந்து காசியோவின் அறைக்குப் போகிறது. போதும். ஒதெல்லோ தன் மனைவியைப் படுக்கையிலேயே மூச்சுத்திணற வைத்துக் கொல்கிறான். அப்புறம் உண்மை தெரிகிறது. தன்னையும் குத்திக்கொண்டு சாகிறான்.

பிராட்லி ஒதெல்லோவின் பக்கம் நிற்கிறார். ஒதெல்லோ பிறவிச் சந்தேகப் பிராணி இல்லை என்கிறார். நம்பினால் முழுசாக நம்புகிறவன். அரைகுறையாக எதையும் செய்யத் தெரியாதவன். அதனால் நம்பிக்கை உடைந்தபோதும் முழுசாக உடைந்தது. அது மட்டுமா? இயாகோ நேர்மையானவன் என்று அந்த நாடகத்தில் எல்லோருமே நம்புகிறார்கள். ஒதெல்லோவுக்கு வெனிஸ் பெண்களின் பழக்கவழக்கம் தெரியாது. கல்யாணமாகி நாளும் அதிகம் ஆகவில்லை. அந்த இடத்தில் யார் இருந்தாலும் தடுமாறியிருப்பார்கள் என்பது பிராட்லியின் வாதம்.

இதை ஒட்டி இலக்கிய மாணவர்கள் ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். ஹாம்லெட்டையும் ஒதெல்லோவையும் இடம் மாற்றிப் போடுங்கள். எதையும் பத்துத் தடவை யோசிக்கிற ஹாம்லெட்டிடம் இயாகோ பொய் சொன்னால் ஐந்தே நிமிஷத்தில் மாட்டிக்கொள்வான். உடனே செயல்படுகிற ஒதெல்லோவிடம் அப்பாவின் ஆவி வந்து பேசினால் அன்று ராத்திரியே சித்தப்பா காலி. நாடகமே கிடையாது. தப்பான ஆள் தப்பான இடத்தில் இருந்ததுதான் துன்பியல்.

இயாகோவைப் பற்றியும் பிராட்லி யோசித்திருக்கிறார். அவனுக்குக் காரணமே இல்லாத கெடுமதி என்று அவருக்கு முன்னால் கோல்ரிட்ஜ் சொல்லியிருந்தார். பிராட்லி ஒத்துக்கொள்ளவில்லை. இயாகோ பிசாசு இல்லை, மனிதன்தான். தன்னைவிடக் கெட்டிக்காரன் யாருமில்லை என்று நினைக்கிறவன். அந்த நினைப்பில் அடி விழுந்திருக்கிறது. பெரிய பெரிய ஆட்களைப் பொம்மை மாதிரி ஆட்டிவைக்கும்போது அந்தக் காயத்துக்கு ஒத்தடம் கிடைக்கிறது. ஏன் இப்படிச் செய்கிறோம் என்பது அவனுக்கே சரியாகத் தெரியாது. கடைசியில் மாட்டிக்கொண்டு, ஏன் செய்தாய் என்று கேட்டபோதும் அவன் வாயைத் திறக்கவில்லை. நாரதர் கலகம் நன்மையில் முடியும் என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்வோம். இயாகோ நன்மையில் முடியாத நாரதர். ஆபீஸில் மேனேஜர் அறைக்குள் அடிக்கடி போய்வந்து, "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க சார்" என்கிற ஆளை உங்களுக்குத் தெரியுமல்லவா? அவர் இயாகோவின் ஒன்றுவிட்ட தம்பி.

* * *

படிக்கும்போது ஒதெல்லோ மேல் இரக்கமாக இருக்கிறது. இருக்கட்டும். இப்போது பேப்பரைப் பிரியுங்கள்.

"நடத்தையில் சந்தேகம்: மனைவி கொலை."

வாரத்துக்கு ஒரு தடவையாவது கண்ணில் படுகிற தலைப்பு. ஒதெல்லோ நாடகம் மொத்தமும் நான்கே வார்த்தைகளில். கீழே செய்தியைப் படித்தால், யாரோ எதையோ சொல்லியிருப்பார்கள். ஒரு செல்போன் அழைப்பு, ஒரு போட்டோ, ஒரு கைக்குட்டை. தெருவில் விசாரித்தால், "நல்ல பையன்தான் சார், பொண்டாட்டி மேல உசுரா இருந்தான்" என்பார்கள். இது அப்படியே பிராட்லியின் வாதம். அதிகமாக நேசித்தான், அதனால் கொன்றான். இரக்கம் முழுவதும் கொன்றவனுக்குப் போய்விடுகிறது. செத்தவள் செய்தியில் ஒரு வயதும் ஒரு ஊர்ப் பெயரும்தான்.

இந்த ஆபத்தை முகத்துக்கு நேரே சொன்னவர் எஃப்.ஆர்.லீவிஸ் என்கிற கேம்பிரிட்ஜ் விமர்சகர். 1937-ல் எழுதிய கட்டுரையில் பிராட்லியை வாங்கு வாங்கென்று வாங்கினார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. நாடகத்தை நன்றாகப் பாருங்கள், இயாகோ பெரிதாக என்ன செய்துவிட்டான்? கொஞ்சம் இழுத்தான், கொஞ்சம் முனகினான். ஒரே காட்சிக்குள் ஒதெல்லோ காதலிலிருந்து கொலைத் தீர்மானத்துக்கு வந்துவிடுகிறான். இவ்வளவு சீக்கிரம் பற்றிக்கொள்கிறது என்றால் உள்ளே ஏற்கனவே பஞ்சு இருந்திருக்கிறது. ஒதெல்லோ நேசித்தது டெஸ்டிமோனாவையா, அவள் கண்ணில் தெரிந்த தன்னுடைய வீரப் படத்தையா? அவன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதையே பிராட்லி நம்பிவிட்டார் என்பது லீவிஸின் குற்றச்சாட்டு. இவருக்குப் பத்து வருஷம் முன்பே கவிஞர் டி.எஸ்.எலியட்டும் ஒதெல்லோவின் கடைசிப் பேச்சைப் பற்றி முகம் சுளித்திருந்தார். சாகும்போதும் நாட்டுக்குத் தான் செய்த சேவையைச் சொல்லித் தன்னையே தேற்றிக்கொள்கிறான் என்றார்.

சரி, பாத்திரம் என்பது வெறும் வார்த்தைகள்தானே, அதற்கு மனசு, கடந்தகாலம் எல்லாம் ஏது என்று மூன்றாவதாக ஒரு கட்சியும் உண்டு. எல்.சி.நைட்ஸ் என்பவர் 1933-ல் "மாக்பெத் சீமாட்டிக்கு எத்தனை குழந்தைகள்?" என்று கிண்டலாகத் தலைப்பு வைத்து, பிராட்லி வழி ஆட்களைக் கலாய்த்தார். நாடகம் ஒரு கவிதை. அதில் வருகிறவர்களுக்கு ஜாதகம் கணிக்காதீர்கள் என்றார்.

கேம்பிரிட்ஜுக்கு அது சரியாக இருக்கலாம். தமிழ் மேடையில் எடுபடாது. தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று கொண்டாடப்படுகிற சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) முதலில் நடிகராகத்தான் இருந்தார். எமன், சனீஸ்வரன் மாதிரி பயங்கர வேஷங்கள் கட்டுவார். அவருடைய எமனைப் பார்த்த ஒரு கர்ப்பிணிக்கு அதிர்ச்சியில் கரு கலைந்துவிட்டது, அதில் மனம் நொந்துதான் வேஷம் கட்டுவதை விட்டார் என்று அவருடைய கதையைச் சொல்கிறவர்கள் சொல்வார்கள். அந்தப் பெண்ணிடம் போய் "அது வெறும் வார்த்தைம்மா" என்று சொல்ல முடியுமா? பார்க்கிறவர்களுக்குப் பாத்திரம் மனிதன்தான். அதனால்தான் அதை வைத்து நியாயம் பேசுகிறோம்.

* * *

சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்று பையன்கள் கம்பெனி ஆரம்பித்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே தயாரானவர்கள். அவர் எழுதிய நாடகங்களில் கோவலனும் ஒன்று. அதைப் பற்றி மதுரையில் ஒரு கதை உண்டு.

கோவலன் மதுரைக்குப் புறப்படும்போது, போகாதீர்கள் என்று தடுக்கிற பாட்டு. அதில் மதுரையில் வாழ்கிறவர்களுக்கு 'மாபாவியோர்' என்று ஒரு பட்டம். அதை மதுரையிலேயே பாடினால் என்ன ஆகும்? எங்க ஊர்க்காரனைப் பாவிங்கிறியா என்று கூட்டம் எழுந்து சத்தம் போட்டுவிட்டது. சுவாமிகள் மேடைக்கு வந்தார். "கோபப்படாதீர்கள். 'மா' என்றால் திருமகள். 'பா' என்றால் கலைமகள். 'வி' என்றால் மலைமகள். மூன்று தேவியரும் சேர்ந்து குடியிருக்கிற ஊர் மதுரை என்றல்லவா எழுதியிருக்கிறேன்!" என்றார். கல்லை எடுத்த கை கைதட்டியது.

எழுதினவரே விமர்சகராகி ஒரு நிமிஷத்தில் அர்த்தத்தைத் தலைகீழாக்கிவிட்டார். ரசிக்கலாம். ஆனால் மதுரைக்காரர்களுக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். சிலம்பு வழக்கு அந்த ஊருக்கு இன்னும் முடியாத வழக்கு. ராஜா தப்புச் செய்தால் ஊருக்கும் பாவமா என்ற கேள்வி அங்கே உயிரோடு இருக்கிறது.

வழக்கின் விவரங்களை இளங்கோவடிகள் ஒரு கிரைம் ரிப்போர்ட்டர் மாதிரி கொடுத்திருக்கிறார். கோவலனும் கண்ணகியும் கொடும்பாளூர் வழியாக, இன்றைய கொட்டாம்பட்டி, அழகர்மலை இருக்கிற இந்த வட்டாரத்தைக் கடந்துதான் மதுரைக்கு வருகிறார்கள். கோவலன் ஒற்றைச் சிலம்பை விற்க ஒரு பொற்கொல்லனிடம் காட்டுகிறான். அந்தக் கொல்லன் ஏற்கனவே ராணியின் சிலம்பைத் திருடியவன். இவன் தலையில் கட்டிவிடலாம் என்று அரண்மனைக்கு ஓடுகிறான்.

அந்த நேரத்தில் ராஜா எப்படி இருந்தார்? பிராட்லி கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இளங்கோ பதில் வைத்திருக்கிறார். ஆடல் பாடல் நடந்திருக்கிறது. ராஜாவின் மனசு ஆடுகிற பெண்களிடம் போய்விட்டது என்று ராணிக்கு ஊடல். தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். சமாதானம் செய்ய ராஜா அவசரமாகப் போய்க்கொண்டிருக்கிறார். வாசலில் கொல்லன் காலில் விழுகிறான். ராணியின் சிலம்பு திருடிய கள்வன் கிடைத்துவிட்டான். வீட்டுக்காரியின் கோபத்தைத் தணிக்க இதைவிட நல்ல பரிசு உண்டா? கூப்பிட்டு விசாரிக்கவில்லை. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவன் கையில் சிலம்பு இருந்தால் கொன்றுவிட்டுக் கொண்டுவாருங்கள் என்று காவலர்களிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

காவலர்கள் கோவலனைப் பார்த்ததும், இவனைப் பார்த்தால் திருடன் மாதிரித் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். ராஜாவுக்குத் தோன்ற வேண்டிய சந்தேகம் சேவகர்களுக்குத் தோன்றியது. கொல்லன் திருடர்களின் தந்திரங்களைப் பற்றி ஒரு லெக்சர் அடிக்கிறான். அவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, குடித்திருந்த ஒரு முரடன் வாளை வீசிவிடுகிறான்.

கைக்குட்டையும் சிலம்பும். இயாகோவும் கொல்லனும். ஒதெல்லோவும் பாண்டியனும். எவ்வளவு பொருத்தம்! ஒதெல்லோவாவது மனைவியைக் கேட்டான், பணிப்பெண் எமிலியாவைக் கேட்டான். கேட்டானே தவிர, பதிலைக் காதில் வாங்கவில்லை. பாண்டியன் கேட்கவே இல்லை. அப்புறம் கண்ணகி வந்து சிலம்பை உடைத்துக் காட்ட எவ்வளவு நேரம் ஆனது? ஒரு நிமிஷம். உள்ளே முத்தா, மாணிக்கமா என்று பார்க்கிற வேலை. அந்த ஒரு நிமிஷத்தைக் காலையில் செலவழித்திருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும், ஓர் ஊர் எரிந்திருக்காது.

நம் ஊரிலும் பிராட்லிகள் உண்டு. ராஜா 'கொல்வதற்காகக் கொண்டுவா' என்று சொல்லத்தான் நினைத்தார், விதி நாக்கில் உட்கார்ந்து 'கொன்று கொண்டுவா' என்று சொல்ல வைத்துவிட்டது என்று ஒரு பழைய விளக்கம் உண்டு. பட்டிமன்றத்தில் இன்றைக்கும் இது கைதட்டல் வாங்கும். காப்பியத்துக்குள்ளேயே ஒரு பிராட்லி இருக்கிறாள். மதுராபதித் தெய்வம். கண்ணகியின் பின்னால் வந்து, பாண்டியர் குலம் நீதி தவறாத குலம் அம்மா என்று பொற்கைப் பாண்டியன் கதையெல்லாம் சொல்லி நன்னடத்தைச் சான்றிதழ் கொடுக்கிறது. கூடவே, போன பிறவியில் கோவலன் ஒரு அப்பாவி வியாபாரியை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்ல வைத்தவன், அந்த வினைதான் இப்போது வந்து பிடித்தது என்றும் சொல்கிறது. அதாவது போன பிறவியில் அவன் 'சொன்னவன்'. இந்தக் கதையில் சொன்னவனும் தப்பவில்லை.

* * *

இதுவரைக்கும் சரி. பலருக்குத் தெரியாத, தெரிந்தவர்களும் சத்தமாகச் சொல்லாத பகுதி இதற்குப் பிறகு வருகிறது.

பாண்டியன் செத்ததும் கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் பட்டத்துக்கு வருகிறான். பத்தினித் தெய்வத்தின் கோபத்தைத் தணிக்க என்ன செய்தான் தெரியுமா? ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்தான். சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. மழை பெய்தது, நாடு செழித்தது என்றும் இருக்கிறது.

இது வரலாற்றில் நடந்ததா, காவியக் கற்பனையா என்பது இங்கே முக்கியமில்லை. அந்தத் தர்க்கத்தைப் பாருங்கள். ராஜா நல்லவர். ராஜாவைக் கெடுத்தது ஒரு கொல்லன். ஆகவே குற்றம் கொல்லர்கள் மேல். ஒரு நல்லவரை முழுசாக விடுதலை செய்ய வேண்டுமென்றால் அந்தப் பாவத்தை எங்கேயாவது இறக்கி வைத்தாக வேண்டும். இறக்கி வைக்கிற இடம் எப்போதும் பலமில்லாதவன் தலை. பொய் சொன்னது ஒருவன். செத்தது ஆயிரம் பேர். அந்த ஆயிரம் பேரையும் யாராவது விசாரித்தார்களா? முதல் கொலையில் நடந்த அதே தப்பு ஆயிரம் மடங்காகத் திரும்ப நடந்தது. தமிழ்நாட்டில் யாரும் இதற்காக ஊரை எரிக்கவில்லை.

அதனால்தான் பாத்திரங்களை எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பதை வெறும் இலக்கியச் சண்டையாக என்னால் பார்க்க முடியவில்லை. 'பாவம், ஏமாந்துட்டார்' என்று நாம் உச் கொட்டும்போது, அந்த உச்சின் செலவை யாரோ ஒருவர் கட்டுகிறார்.

அப்படியானால் பிராட்லியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதானா? இல்லை. அவர் ஒதெல்லோவை நிரபராதி என்று எங்கேயும் சொல்லவில்லை. அவர் செய்தது வேறு காரியம். ஒதெல்லோவை நமக்குப் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தார். அவனை ஒரு மிருகம் என்று ஒதுக்கியிருந்தால் நாம் நிம்மதியாகத் தூங்கப் போயிருப்போம். நான் மிருகம் இல்லையே, எனக்கு இது நடக்காதே என்று. நல்லவன், வீரன், நம்புகிறவன், நம்மைவிட உயர்ந்தவன் இதைச் செய்தான் என்று பிராட்லி காட்டும்போதுதான் வயிற்றில் புளி கரைகிறது. இரக்கம் அவனுக்காக இருக்கலாம்; எச்சரிக்கை நமக்காக. லீவிஸ் அதன் மேல் பூட்டு போட்டார்: புரிந்துகொள், விட்டுவிடாதே. இரண்டு பேரும் வேண்டும். புரிந்துகொள்வது வேறு, மன்னிப்பது வேறு. முதலாவது நம் வேலை. இரண்டாவது செத்தவளின் உரிமை. அவள் எழுந்துவந்து மன்னித்தால் உண்டு.

சொன்னவனா, கேட்டவனா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். சொன்னவன் கெட்டவன். அதில் சந்தேகமில்லை. ஆனால் கேட்டவனிடம் சொன்னவனிடம் இல்லாத ஒன்று இருந்தது. வாள். கொல்லனால் கோவலனைக் கொல்ல முடியாது. இயாகோ எவ்வளவு பேசினாலும் டெஸ்டிமோனா சாக மாட்டாள். பொய்க்குக் கை கிடையாது. கை கொடுப்பவன் கேட்கிறவன்.

இதைப் பாண்டியனே புரிந்துகொண்டான் என்பதுதான் சிலப்பதிகாரத்தின் பெருமை. அவனுடைய கடைசி வாக்கியத்தை நினைத்துப் பாருங்கள். கொல்லன் என்னை ஏமாற்றிவிட்டான் என்று அவன் சொல்லவில்லை. கொல்லன் சொல்லைக் கேட்ட நான் அரசனா, நானே கள்வன் என்ற பொருளில்தான் பேசுகிறான். குற்றம் சொன்ன வாயில் இல்லை, கேட்ட காதில் என்று தன் மேலேயே எழுதிக்கொள்கிறான். நாட்டுக்குச் செய்த சேவையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விழுந்தான், செத்தான். அடுத்து வந்தவன் அந்த வாக்கியத்தைக் காதில் வாங்கியிருந்தால் ஆயிரம் பேர் பிழைத்திருப்பார்கள்.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிக்கிறவர் என்று ஒரு கூட்டம் அடித்தே கொன்றது. வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை நம்பியவர்கள். அவர்களில் பலர் நல்லவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். தங்கள் பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருப்பார்கள். அந்த வருஷமே வாட்ஸ்அப் கம்பெனி, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. நல்ல ஏற்பாடு. சொல்லுகிற வாய்க்குப் பூட்டு. கேட்கிற காதுக்கு எந்தக் கம்பெனியும் பூட்டு தயாரிக்கவில்லை.

வாள் என்றால் இரும்பு வாள்தான் என்றில்லை. மேனேஜருக்கு ஒரு மெமோ. ஹெட்மாஸ்டருக்கு ஒரு டி.சி. மாமியாருக்கு ஒரு வார்த்தை. கணவனுக்குக் கை. நமக்கெல்லாம் ஒரு செல்போன். அடுத்த தடவை யாராவது, "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று காதோரம் ஆரம்பித்தால், சொல்கிறவர் இயாகோவா என்று ஆராய்வதைவிட, நம் இடுப்பில் என்ன தொங்குகிறது என்று ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.